கத்தி முனையால் நெம்பாதே

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கேட்டால் சரியாகிவிட்டது என்பார், நம்பாதே.

பத்தொன்பது நாள் கழித்து உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. "அம்மா, முகாமுக்குக் கொண்டுபோக ஒரு மல்டி டூல் வாங்க வேண்டும், எது நல்லது?" அவ்வளவுதான். நானும் ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். அப்பா அதைத்தான் சொன்னார். ஆனால் கருவிகளைப் பற்றி நீ என்னிடம் வாய் திறந்து கேட்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். பாதியில் மூடி வைத்துவிடாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். எதை வாங்கினாலும் கத்தி முனையால் எதையும் நெம்பாதே.

நீ கேட்டது முகாமுக்கு மட்டுமா, தினமும் சட்டைப்பையில் கிடப்பதற்குமா? இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். போதாது. ஒரே பிடிக்குள் பல கருவிகள் மடங்கியிருக்கும் இந்த மல்டி டூல்களில் இரண்டு வம்சம் உண்டு. ஒன்று கத்தியிலிருந்து வந்தது, இன்னொன்று கட்டிங் பிளேயரிலிருந்து வந்தது. எதன் பிள்ளை என்று பார்த்தால் எந்த வேலைக்கு என்பது தெரிந்துவிடும்.

கத்தி வம்சத்துக்கு மூத்தது சுவிஸ் கத்தி. 1891-இல் கார்ல் எல்செனர் என்பவர் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்கு அதைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். சிப்பாய் தகர டப்பாவைத் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க வேண்டும். அதற்காகத்தான் கத்தியோடு டப்பா திறப்பானும் திருப்புளியும் வந்தன. 1897-இல் இன்னொரு சின்னக் கத்தியையும் தக்கைத் திருகியையும் சேர்த்து அதிகாரிகளுக்கென்று ஒன்று செய்தார். இன்று நீ கடையில் பார்க்கும் சிவப்புக் கத்தி அதன் வாரிசு. எல்செனரின் அம்மா 1909-இல் இறந்தபோது, அவர் தன் தொழிலுக்கு அம்மாவின் பெயரையே வைத்தார்: விக்டோரியா. 1921-இல் எவர்சில்வர் எஃகுக்கான 'இனாக்ஸ்' என்ற சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது. உலகம் முழுக்க ஜோபிகளில் அந்த அம்மாவின் பெயர் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு போன் போதும்.

பிளேயர் வம்சம் நேற்று வந்தது. 1975-இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் தன் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. கையில் இருந்ததோ ஒரு பேனாக்கத்தி. இதோடு ஒரு பிளேயரும் இருந்திருந்தால் என்று தோன்றியிருக்கிறது. ஊர் திரும்பி, ஒரு மாதத்தில் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தவருக்கு ஆண்டுகள் ஓடின. 1983-இல்தான் அது விற்பனைக்கு வந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர் அந்த மனைவி. அவர் மட்டும் பொறுமை இழந்து, சரி, அது வேறு கதை. இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கூடாரம் எத்தனை பேருக்கு? கருவிக்காகத்தான் கேட்கிறேன். இரண்டு பேர் என்றால் ஒருவர் பையில் கத்தி, மற்றவர் பையில் பிளேயர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் என்றால் எல்லாம் அந்த ஒருவரிடம் இருக்க வேண்டும். போன முறை அனுப்பிய படங்களில் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு குவளை இருந்தன. இந்த முறை ஒன்று. படத்தில் விழாமல் போயிருக்கலாம்.

சரி, எடை. நீ கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாமே இலேசாகத்தான் இருக்கும். தடித்த பிளேயர் வகை, லெதர்மேனின் வேவ் போல, ஏறத்தாழ 240 கிராம். அதைக் கால்சட்டைப் பையில் போட்டு ஒரு நாள் நடந்து பார். தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் அது வீட்டு அலமாரிக்குப் போய்விடும். ஸ்கெலிடூல் என்று ஒன்று உண்டு, பெயரே எலும்புக்கூடு, 142 கிராம். கத்தி, பிளேயர், திருப்புளி, இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி, ஏறத்தாழ அவ்வளவுதான். கத்தரி கிடையாது. சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி 21 கிராம்தான். அதில் கத்தரி உண்டு. தினசரி வாழ்க்கையில் நாம் அதிகம் தேடுவது கத்தரியைத்தான் என்பது என் அனுபவம். பார்சல் கட்டு, பிசிறிய நூல், மாத்திரை அட்டை, நகம். கத்தியை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கத்தரியை எடுத்தால் "எனக்கும் கொடுங்கள்" என்பார்கள்.

என்னைக் கேட்டால், தினமும் வைத்துக்கொள்ள 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தியில் கத்தரியும் ரம்பமும் உள்ளது ஒன்று. கட்டைவிரல் பருமன் கிளையை அந்த ரம்பம் வெண்ணெயாக அறுக்கும். முகாமுக்கு மட்டும் பிளேயர் வகை ஒன்று, பையின் மேல்பையில். சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்க, மண்ணில் இறுகிய கூடார முளையைப் பிடுங்க, பையின் அறுந்த ஜிப்பை இழுக்க, வளைந்த கம்பியை நிமிர்த்த, இதற்கெல்லாம் கத்தி உதவாது.

வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதே. கையில் எடுத்துப் பார். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடி. இரண்டு தாடையும் நுனியில் சேர்கின்றனவா, ஒன்று மேலேறி நிற்கிறதா? மேலேறினால் வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், கீல் லொடலொட என்றால் வேண்டாம். ஒவ்வோர் அலகையும் நகத்தால் திற. நகம் மடங்கினால் குளிரில், ஈரக்கையில் அது திறக்கவே திறக்காது. கத்தியை எடுக்கப் பிளேயரை விரிக்க வேண்டியிருக்கிறதா, மூடியபடியே வெளியிலிருந்து எடுக்க முடிகிறதா என்று பார். ஒற்றைக் கையால் எடுக்க முடிகிறதா என்றும் பார். ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும்போது மறு கைதான் மிச்சம். துணைக்கு ஆள் இருந்தால் இது அவ்வளவு முக்கியமில்லை.

அலகு நேர் விளிம்பாக இருக்கட்டும். பல் வைத்தது கயிற்றை நன்றாக அறுக்கும், ஆனால் மழுங்கிவிட்டால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. மழுங்கிய கத்தி கூரிய கத்தியைவிட ஆபத்து. அழுத்துவோம், வழுக்கும், கையில் இறங்கும். உன் இடது கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. உடம்பை விட்டு வெளிப்பக்கமாகவே வெட்டு. சுற்றிலும் கை நீட்டும் தூரத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் இருந்தால்.

பூட்டு என்று ஒன்று உண்டு. சிறிய சுவிஸ் கத்திகளில் ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. வெட்டலாம், ஆனால் குத்தினால் அலகு மடங்கி உன் விரல்களின் மேலேயே மூடும். துளை போடும் குத்தூசியும் அப்படித்தான். அழுத்துகிற திசையைத் தெரிந்து அழுத்த வேண்டும். பெரிய பிளேயர் வகைகளில் பூட்டு வரும், அது நல்லது. ஆனால் பூட்டு உள்ள கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்குச் சில நாடுகளில் தடை உண்டு. நீ போகிற இடத்துச் சட்டத்தைக் கேட்டுக்கொள். விமானம் என்றால் கைப்பையில் வைக்காதே, பெட்டியில் போட்டுவிடு. சின்ன மாமாவின் கதை நினைவிருக்கிறது அல்லவா.

இந்தக் கருவிகளின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் உலோகம். கரண்ட் வேலைக்குத் தொடாதே. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டும் தொடாதே. எவர்சில்வர் என்றாலும் துருப்பிடிக்கும், தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். முகாமிலிருந்து வந்ததும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் திறந்து மூடித் திறந்து மூடிக் கழுவு, கீலில் மணல் போகும்வரை. நன்றாகக் காயவிட்டு ஒரு சொட்டு எண்ணெய். நீ செய்ய மாட்டாய் என்று தெரியும். செய்தாலும் செய்வாய். அந்தப் பழைய சைக்கிளைத் தனியாளாக நீ பிரித்து மாட்டியதை அப்பா இன்றும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் பிரித்தாய். எல்லாக் கருவியையும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாய். என் பெட்டி திண்ணையில்தான் இருந்தது.

கத்தி முனையால் நெம்பாதே. டப்பா மூடி என்றாலும் கல் இடுக்கு என்றாலும் நெம்பாதே. தட்டைத் திருப்புளி அதற்குத்தான் இருக்கிறது. முனைதான் அலகில் மெலிந்த இடம். கூர்மைக்காக எஃகைக் கடினப்படுத்தியிருப்பார்கள், அது கடினமாக ஆக வளையாது, உடையும்.

இதை மூன்றாம் முறை எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நேற்றிரவே இந்தப் பக்கத்தை இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

தாத்தாவின் கொம்புப்பிடிக் கத்தி. அதன் முனையை உடைத்தது நீ இல்லை.

நான்தான். முதல் நாள் இரவு ஜன்னலுக்குப் பூசப் பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். திருப்புளி மாடியில் இருந்தது. ஏறி இறங்கச் சோம்பல். கத்தி முனையை மூடிக்குக் கீழே விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். டக் என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிவது போல. ஓர் அரிசி அளவு எஃகு டப்பா விளிம்பில் செருகி நின்றது. அதைச் சாமணத்தால் பிடுங்கி எடுத்தேன். கத்தியைத் துடைத்து மடக்கி இழுப்பறையில் வைத்தேன். காலையில் பெரியமாமா வரப்போகிறார் என்று தெரியும். அந்தக் கத்தி எனக்கு வந்ததில் அவருக்கு என்ன மனக்குறை என்பது உனக்கும் தெரியும்.

காலையில் நீ பென்சில் சீவ அதை எடுத்தாய். அவர்தான் முதலில் பார்த்தார். "அப்பாவின் கத்தியை என்ன கதி ஆக்கி வைத்திருக்கிறீர்கள்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். உன் கையில் கத்தி இருந்தது. எல்லோருக்கும் முன்னால் அடித்தேன். உனக்குப் பத்து வயது. "நான் இல்லைம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னாய். அழவில்லை. கத்தியை மடக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். பென்சில் பாதி சீவியபடி கிடந்தது.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். மாமா கிளம்பட்டும் என்று இருந்தேன். பிறகு நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். பிறகு இப்போது போய்ச் சொல்வதா என்று வெட்கம். நீ மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் கருவிப் பெட்டியை நீ தொட்டதே இல்லை. வேறு விஷயங்களிலும் ஒரு முறைதான் சொல்வாய். நான் கேட்காவிட்டால் விட்டுவிடுவாய். இது உன் சுபாவம், அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை சொல்லிப் பயனில்லை என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நேற்று பெரியமாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உங்கள் பக்கம் மழையா என்று கேட்டார்.

கத்தி என்னிடம்தான் இருக்கிறது. சாணை பிடித்து முனையைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். முன்னைவிடக் கட்டை, வெட்டுவதில் குறையில்லை. அந்த அரிசித் துண்டு ஊசி டப்பாவில் கிடக்கிறது. நீ வரும்போது இரண்டையும் எடுத்துக்கொள். தபாலில் அனுப்ப மனமில்லை.

எதை வாங்கினாய் என்று எழுது. எந்த மலை, எத்தனை நாள், எப்போது இறங்குவாய் என்றும் எழுது. கூட யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், எத்தனை முறை சொன்னாலும்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: கத்தியின் வளையத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு கட்டு. புல்லில் விழுந்தால் தேட வேண்டியிருக்காது.