சுவரில் துளை இருக்கிறதா பார்

சத்துவாச்சாரி, வேலூர்
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா நேற்று இரத்தினகிரியில் படியேறிவிட்டு வந்து, இன்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேண்டுதல் உனக்காகத்தான். உங்கள் தீவுப் பக்கம் புயல் மாதங்கள் தொடங்கிவிட்டன என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள்.

இந்தக் கடிதத்துக்கு எவ்வளவு தபால்தலை ஒட்ட வேண்டும் என்று விசாரிக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி, "சபாவா? மலேசியா என்று போடுங்கள் ஐயா" என்றான். அந்தச் சபா வேறு, இது கரீபியன் கடலில் நெதர்லாந்துக்குச் சேர்ந்தது என்றேன். நெதர்லாந்து ஐரோப்பாவில் அல்லவா இருக்கிறது என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். 2010 அக்டோபர் 10 முதல் அந்தத் தீவு நெதர்லாந்தின் ஒரு நகராட்சி மாதிரி, ஆனால் கடையில் கொடுப்பது அமெரிக்க டாலர் என்று நான் விளக்கத் தொடங்கியதும் பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. பேசாமல் அதிகமாகவே ஒட்டிவிட்டு வந்தேன்.

நீ அந்த வேலையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன அன்று நான் பேசியது எனக்கு மறக்கவில்லை. நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் வைத்தியத்துக்காகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நீ இங்கிருந்து கிளம்பி 13 சதுர கிலோமீட்டர் பாறைக்கு மருத்துவம் சொல்லித்தரப் போகிறாயா என்று கேட்டேன். சுமார் 2000 பேர் இருக்கும் இடத்தை ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ரேஷன் கடைக் கூட்டம் அதைவிடப் பெரிது என்று வேறு சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடினாய்.

போன மாதம் நீ அந்தச் சாலைக் கதையைச் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

கரையிலிருந்து ஊருக்குப் பாறையில் வெட்டிய 800 படிகள். அரிசி, மரம், சிமெண்டு, பியானோ வரை எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும் ஏறின. (ஊருக்குப் பெயர் பாட்டம். அடி என்று பெயர் வைத்த ஊருக்கு இத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தவன் குசும்பன்.) சாலை போட வழியே இல்லை என்று டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசெல் என்ற உள்ளூர்க்காரர் தபால் வழியில் பொறியியல் படித்து, 1938இல் ஊர் ஆட்களை வைத்து வேலையைத் தொடங்கினார். இயந்திரம் கிடையாது. கையும் தள்ளுவண்டியும்தான். துறையிலிருந்து பாட்டம் வரையிலான முதல் பகுதி முடியும்போது 1943. அதில் ஓட முதல் ஜீப் வந்து இறங்கியது 1947இல். அதாவது நாலு வருஷம் அந்தச் சாலையில் ஓட வண்டியே இல்லை! சாலை முழுதும் முடிய 20 வருஷம் ஆயிற்று.

பரணில் இருக்கும் தகரப் பெட்டியை உனக்குத் தெரியும். அதில் இருப்பவை என் ஏ.எம்.ஐ.இ. பொறியியல் தேர்வுப் புத்தகங்கள். நானும் தபாலில் படித்தவன்தான். முதல் பிரிவு தேறினேன், இரண்டாம் பிரிவில் இரண்டு தாள் நின்றுவிட்டது. நீ பிறந்தாய், பாட்டி படுத்துவிட்டாள், அப்புறம் அது அப்படியே போயிற்று. வேலையிடத்தில் என்னைத் "தபாலில் நீச்சல் கற்றவர்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சாலை ஆய்வாளராகவே ஓய்வு பெற்றேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அப்பா கட்டிய தடுப்புச் சுவர் ஒன்று, வேறொரு மலையில், ஒரே மழையில் சரிந்தது. கருங்கல் சுவர், நூல் பிடித்தது போல நின்றது. கீழே நீர் வடியும் துளைகளை, நாங்கள் வீப் ஹோல் என்போம், நான் குறைத்து வைக்க விட்டுவிட்டேன். மேஸ்திரி கேட்டார், மழை வருமுன் முடிய வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். பின்னால் இருந்த மண் ஈரம் குடித்துக் குடித்து வயிறு தள்ளியது. ஐப்பசியில் ஓர் இரவு சுவர் வாய் பிளந்தது. யாருக்கும் அடி படவில்லை, அது முருகன் செயல். ஆனால் அது என் தவறு. கல் வலுவாக இருந்தால் போதும் என்று நினைத்தேன், தண்ணீரை மறந்தேன்.

ஹாசெல் மறந்திருக்க மாட்டார். அங்கே குடிக்கிற நீரே கூரையில் விழும் மழை, அது வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்கிறது என்கிறாய். நீ கைபேசியில் அந்த மூடியைத் திறந்து காட்டினாய், உள்ளே கறுப்பாக நீர் ஆடியது, உன் முகம் அதில் தெரிந்தது. உன் அம்மா, "விழுந்துவிடப் போகிறாள்" என்று கத்தினாள். எனக்கு நம் வீட்டு மழைநீர்த் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது வெட்டினோம். பிறகு ஸ்கூட்டர் நிறுத்த அதன் மேல் சிமெண்டு பூசிவிட்டேன். தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைச் சொல்லிச் சிரிக்கிற ஊரில், 2021 நவம்பரில் அதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஒரு குடம் பிடித்து வைக்கவில்லை. தொட்டியைத் திறக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். நாளை, நாளை என்கிறார்.

விமானம் இறங்கும் இடத்தைப் பற்றி அம்மாவிடம் அதிகம் சொல்லாதே. ஓடுதளம் 400 மீட்டர். காட்பாடியில் நிற்கும் 20 பெட்டி ரயில் அதைவிட நீளம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நிலத்தையும் ஊர்க்காரர்கள் கையால் கல் பொறுக்கியே சமன் செய்தார்கள், 1959இல் முதல் விமானம் இறங்கியது என்றாய். ஓட்டியவனை நினைத்தால் இங்கே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

அம்மாவுக்குப் பிடித்தது லேஸ் பின்னல் கதைதான். அவள் பிறந்த கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள், மாதம் பிறந்தால் வாசலில் மணியார்டருக்குக் காத்திருப்பார்கள். உங்கள் தீவிலும் ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் 1870களிலிருந்து நூலில் பின்னி, தபாலிலேயே அமெரிக்காவுக்கு விற்றிருக்கிறார்கள். "எங்கள் ஊரில் யாருக்கும் இது தோன்றவில்லையே" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னத் துண்டு கிடைத்தால் அவளுக்கு வாங்கி அனுப்பு. விலையைச் சொல்லாதே.

எனக்கு ஒன்று செய். கல்லூரியிலிருந்து துறைக்கு இறங்கும் அந்தச் செங்குத்துச் சாலையில் ஒரு நாள் நடந்து போ. மலைப் பக்கச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், வரிசையாகத் துளைகள் இருக்கின்றனவா பார். இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை அடி என்று காலால் அளந்துகொள். மழை பெய்யும்போது போகாதே, விட்டு அரை மணி கழித்துப் போ. துளையில் வடிவது தெளிந்த நீரா, மண் கலங்கிய நீரா என்று பார்த்து எழுது.

அப்பா