குகைக்குள் இருட்டு என்று நான் சொன்ன பொய்

என்னங்க,

நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை.

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துச் செடோனா ஊருக்குப் போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் "குகைக்குப் போனோம்" என்கிறீர்கள். குகைக்குள் போனது நான். நீங்கள் இரண்டு பையையும் சுமந்துகொண்டு வாசலில் நின்றீர்கள். முட்டி வலி என்றீர்கள். சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

ஃபீனிக்ஸிலிருந்து இருட்டோடு கிளம்பினோம். குகைக்குப் போகும் சோல்ஜர் பாஸ் நடைபாதை தொடங்கும் இடத்தில் 14 கார்தான் நிற்கும், அதுவும் வாரக்கடைசியில் மூடிவிடுவார்கள் என்று தேடிப் படித்துவைத்து, இலவச ஷட்டில் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனதெல்லாம் நீங்கள்தான். அதில் குறையே சொல்ல மாட்டேன். இறங்கியதும் குனிந்து மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, "எங்க ஊர் தேரி மண்ணேதான்" என்றீர்கள். அங்கேயும் இங்கேயும் மணலைச் சிவப்பாக்குவது இரும்புத்துருதான். சாத்தான்குளத்துக்காரருக்கு அரிசோனாவில் ஒரு சொந்தம் கிடைத்த சந்தோஷம்.

எல்லாம் டெவில்ஸ் கிச்சன் வரும்வரைதான். நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பாதையோரம் பூமி அப்படியே உள்வாங்கிக் கிடந்தது. 1880-களில் ஒருமுறை இடிந்து, 1989-ல் இன்னொரு பகுதியும் சரிந்த பள்ளம். மேலே நாம் பார்க்கிற மணற்கல் தண்ணீரில் கரைவதில்லை. ஆழத்தில் இருக்கும் ரெட்வால் சுண்ணாம்புக்கல்தான் கரையும். அது கரைந்து அடியில் குடைவாகி, அதன் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, ஒருநாள் தரையே இறங்கிவிட்டது. இதையெல்லாம் நீங்களே போனில் படித்து எனக்கு விளக்கினீர்கள். விளக்கி முடித்ததும் உங்கள் பேச்சு குறைந்துபோனதையும் கவனித்தேன்.

செவன் சேக்ரட் பூல்ஸ் பக்கம் கொஞ்சம் தெளிந்தீர்கள். பாறையில் படிப்படியாக ஏழு குழி, குழிக்குக் குழி கலங்கல் தண்ணீர். பல்லாங்குழிப் பலகையில் ஒரு பக்கத்தை மட்டும் பிய்த்துச் சரிவில் சாய்த்துவைத்த மாதிரி இருந்தது. அதற்குமேல் முதலைத்தோல் பட்டை போர்த்திய ஜூனிப்பர் மரங்கள், இரத்தச் சிவப்பில் வழவழவென்று மன்சனீட்டா புதர்கள். அப்புறம் வலப்பக்கம் பிரியும் ஒற்றையடிப் பாதை. கடைசி ஏற்றத்தில் நான் நாலு இடத்தில் கையூன்றி ஏறினேன். நீங்கள் ஆடு மாதிரி ஏறினீர்கள். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

குகை வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. வாசல் என்று சொல்லவே கூடாது, பாறையில் ஒரு வெடிப்பு. அதில் ஒருக்களித்து நுழைந்து மேலே ஏற வேண்டும். நம் முறை வந்ததும் வெடிப்பின் ஓரத்தில் கையை வைத்து அண்ணாந்து கூரையைப் பார்த்தீர்கள். அந்த நிமிஷம்தான் வலது முட்டி பிடித்துக்கொண்டது.

நான் வெளியே வந்தபோது "உள்ளே எப்படி இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல, ஒரே இருட்டு. வாங்க போகலாம்" என்றேன்.

பொய். இருட்டே இல்லை. நீளமான அறை, ஒரு பக்கம் ஜன்னல் போலப் பாறை திறந்திருக்கிறது. அதன் வழியே வரும் வெயில் நேராக உள்ளே விழுவதில்லை. எதிர்ச்சுவரில் பட்டு, அங்கிருந்து இந்தச் சுவருக்குத் தாவி, இரண்டுமாகச் சேர்ந்து அறை முழுக்க அடுப்புத் தணல் நிறம். என் வெள்ளைச் சட்டைகூட ஆரஞ்சாகிவிட்டது. ஆனால் தணலில் சூடே இல்லை. சுவரில் கை வைத்தால் மண்பானையைத் தொட்ட குளிர்ச்சி. கையை எடுத்தால் உள்ளங்கையெல்லாம் பொடி மணல். வெளியே வரிசையில் நின்றவர்களின் பேச்சு பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. அதற்கு நடுவே நீங்கள் யாரிடமோ "வைஃப் உள்ளே இருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டது. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கே நீங்கள் இல்லாமல் இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது என்னைவிட வேகமாக இறங்கினீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு என் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு படத்தில் வெகுநேரம் நின்றீர்கள். "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்றீர்கள், அவ்வளவுதான். பிறகு தைலத்தை எடுத்து முட்டியில் தடவ ஆரம்பித்தீர்கள்.

இடது முட்டியில்.