டைவ் முடித்த அன்றே பறக்க மறுத்த பயணிக்கு ‘நோ ஷோ’ போட்டது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: ஜக்கூர் – புதுச்சேரி விமானம் மற்றும் ஸ்கூபா டைவ் பயணம், திரும்பும் நேரத்தைத் தன்னிச்சையாக மாற்றியது, பணம் தர மறுத்தது.

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பதிவு செய்தபோது நீங்களும் நானும் தமிழில்தான் பேசினோம். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் சட்டப் பிரிவுக்கு ஆங்கில நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: “பயணி தன் விருப்பத்தின்பேரில் விமானத்தில் ஏறவில்லை. எனவே ‘நோ ஷோ’ விதிப்படி கட்டணம் திரும்பக் கிடைக்காது.” நான் ஏறவில்லை என்பது உண்மை. ஏன் ஏறவில்லை என்பதை அந்த மெயில் எழுதியவர் விசாரித்ததாகவே தெரியவில்லை.

நாங்கள் வாங்கியது இரண்டு நாள் பயணம். சனிக்கிழமை காலை பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து நான்கு இருக்கை செஸ்னா விமானத்தில் புதுச்சேரி, அன்று பகலில் இரண்டு டைவ், இரவு அங்கேயே தங்கல், ஞாயிறு காலை 8 மணிக்கு மேல் திரும்புதல். உங்கள் முத்திரையோடு வந்த அட்டவணையில் இது அப்படியே இருக்கிறது. அறைச் செலவு மட்டும் எங்களுடையது.

காலைப் பயணத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது. ஜக்கூரில் ஒரு தம்பி எங்கள் நான்கு பயணிகளில் மூன்று பேர்தான் இந்த விமானத்தில் ஏற முடியும் என்று முன்பே பிரித்து, ஒவ்வொருவரையும் பையோடு எடை மேடையில் நிற்க வைத்து, என் கணவரின் தண்ணீர் பாட்டிலைக்கூட எடைபோட்டுக் குறித்துக்கொண்டார். டைவுக்குக் காலில் மாட்டும் என் ஃபின்ஸை வெளியே எடுத்து வைக்கச் சொன்னபோது கொஞ்சம் எரிச்சல் வந்தது, ஆனாலும் அவர் செய்தது சரி. இவ்வளவு சின்ன விமானத்தில் எரிபொருளும் ஆளும் பையும் சேர்ந்த எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நான்காவது நபர் முந்தைய நாளே பஸ்ஸில் போய்விட்டார். இதையெல்லாம் இவ்வளவு கவனமாகச் செய்யத் தெரிந்த நிறுவனம், உடம்புக்குள் கரைந்திருக்கும் நைட்ரஜனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஆளை ஏற்றப் பார்த்தது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடலில் இறங்குமுன் டைவ் மையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். ‘அடுத்து எப்போது விமானத்தில் பறக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ஞாயிறு காலை 8 என்று எழுதினேன். பயிற்சியாளர் அதைப் பார்த்து, விரலால் மணியைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது டைவுக்குச் சம்மதித்தார். இரண்டாவது முறை மேலே வந்தபோது மணி பகல் 12:10.

படகு கரைக்கு வந்ததும் உங்கள் ஒருங்கிணைப்பாளர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த விமானத்துக்கு வேறு புக்கிங் வந்துவிட்டதாம். இன்று மாலை 4 மணிக்கே கிளம்ப வேண்டும், இருட்டுவதற்குள் ஜக்கூரில் இறங்கியாக வேண்டும் என்றார். பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும் விமானம் என்பதால் அதற்குமேல் தள்ளிப்போடவும் முடியாது. நான் கையை நீட்டி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அதன் திரையில் குறுக்குக் கோடு போட்ட சின்ன விமானப் படமும், பக்கத்தில் இன்னும் எத்தனை மணி நேரம் பறக்கக் கூடாது என்ற எண்ணும் இருந்தன. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது: “மேடம், அது பெரிய ஜெட்டுக்கு. நம்மது சின்ன விமானம், தாழ்வாத்தான் போகும்.”

இதே வாசகத்தை உங்கள் தலைமை அலுவலகமும் தொலைபேசியில் திருப்பிச் சொன்னதால், இதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

தண்ணீருக்கடியில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் தரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்து, கரையில் உட்கார்ந்திருந்தால் மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அது வெளியேறுமுன் வெளி அழுத்தத்தை இன்னும் குறைத்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, மோசமானால் தண்டுவடம், மூளை வரை பாதிப்பு. இதற்குச் சிகிச்சை அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுப்பது. போகிற வழியில் ஜவ்வாது மலைக்கு மேல் யாரும் அதைத் தர முடியாது.

பெரிய ஜெட் 35,000 அடியில் பறந்தாலும் அதன் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். பயணி உணர்வது 6,000 முதல் 8,000 அடி உயரத்தின் அழுத்தம். செஸ்னாவில் அந்த வசதியே கிடையாது. விமானம் எந்த உயரமோ அதுதான் நம் உயரம். திரும்பும்போது 6,500 அடியில் போவோம் என்று கேப்டனே சொன்னார். அப்படியானால் ‘தாழ்வாகப் பறக்கும்’ உங்கள் சின்ன விமானத்துக்கும் மும்பை ஜெட்டுக்கும் நைட்ரஜன் விஷயத்தில் என்ன வித்தியாசம்? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குத் தரும் வழிகாட்டியில், கணக்கில் எடுக்க வேண்டியது கேபின் உயரம் அல்ல, உண்மையில் பறக்கும் உயரமே என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 8,000 அடி வரை பறக்க, அழுத்தநீக்க நிறுத்தம் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று வருவது) தேவைப்படாத டைவுக்குப் பிறகு 12 மணி நேரம். தேவைப்பட்ட டைவுக்குப் பிறகு 24 மணி நேரம். டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002-ல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த பரிந்துரையில், ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி, ஒரு நாளில் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி. இந்தப் பரிந்துரை 2,000 அடியிலிருந்தே தொடங்குகிறது.

எங்கள் 12:10-உடன் 18 மணியைக் கூட்டினால் மறுநாள் காலை 6:10. எட்டு மணிக்கு விமானம் என்று முதலில் அட்டவணை போட்டவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவரை இன்னும் வேலையில் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மாலை 4 மணி என்பது நான்கு மணி நேரம்கூட இல்லை. எந்த அமைப்பின் கணக்கிலும் அது தேறாது.

அப்புறம், “உங்களுக்கு மாற்றாக டாக்ஸி தருவதாகச் சொன்னோம், அதையும் மறுத்தீர்கள்” என்று ஒரு குற்றச்சாட்டு. மறுத்தேன்தான். அந்த டாக்ஸி மாலை 5 மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று வந்து ஓசூரை எட்டும்போதே 2,800 அடிக்கு மேல் ஏறியாகிவிட்டது. பெங்களூரு சுமார் 3,000 அடி. டைவ் செய்பவருக்கு நம் ஊரே உயரமான இடம்தான். சென்னைக்காரர் டைவ் முடித்து அன்றே காரில் வீட்டுக்குப் போகலாம், நாம் முடியாது. விமானத்தில் யாருக்காவது வலி தொடங்கினால் கேப்டன் எவ்வளவு தாழ்வாக இறக்கினாலும் ஜக்கூர் தரையே 3,000 அடியில் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். பெங்களூரில் உட்கார்ந்து டைவ் பயணம் விற்கும் நிறுவனத்துக்கு இதை ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தர வேண்டியிருப்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மெயிலின் கடைசியில், அன்று மாலை அதே விமானத்தில் திரும்பிய மற்றவர்களுக்கு ‘எந்தப் பிரச்சினையும் ஏற்படவில்லை’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஹெல்மெட் இல்லாமல் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு, அதை வைத்து யாரும் ஹெல்மெட் வேண்டாம் என்று விளம்பரம் செய்வதில்லை.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. போன வாரத்திலிருந்து நீங்கள் ‘காலையில் வானம், பகலில் கடல், மாலைக் காபி வீட்டில்’ என்று ஒருநாள் பயணத்தை விற்கிறீர்கள். படத்தில் சீருடை போட்ட விமானி ஒருவர் கழுத்தில் டைவ் முகமூடியோடு இறக்கையில் சாய்ந்து நிற்கிறார். பயணிக்காவது பின்னிருக்கையில் வலி வரும். விமானியே டைவ் செய்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்? எங்கள் பயணத்தில்கூட ஒருங்கிணைப்பாளர், “கேப்டன், வாங்க, உங்களுக்கு ஃப்ரீ டைவ்” என்று கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “நான் ஓட்டணும்ப்பா” என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். உங்கள் நிறுவனத்தில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவராவது இருக்கிறார். காலையில் பறந்துபோய்ப் பகலில் டைவ் செய்வதில் நைட்ரஜன் சிக்கல் இல்லை, திரும்புவதில்தான் இருக்கிறது. உங்கள் விளம்பரம் விற்பதே அந்தத் திரும்புவதைத்தான்.

எனக்கு வேண்டியவை இவை. எனக்கும் என் கணவருக்குமான திரும்பும் பயணக் கட்டணமும், ஞாயிறு பிற்பகல் நாங்களாகவே பஸ் பிடித்து வந்த செலவும் முழுமையாகத் திரும்ப வர வேண்டும். பஸ் டிக்கெட், உங்கள் பழைய அட்டவணை, டைவ் மையத்தின் படிவ நகல், கம்ப்யூட்டர் திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். எங்கள் கணக்கிலுள்ள ‘நோ ஷோ’ நீக்கப்பட வேண்டும். ஒருநாள் பயண விளம்பரத்தை நிறுத்துங்கள், அல்லது அதில் டைவுக்குப் பதில் ஸ்நார்க்கெலிங் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் மூச்சுக்குழாயோடு மிதப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அன்று மாலை உங்களோடு பறந்தவர்களுக்கு, அவர்கள் எடுத்த அபாயம் என்னவென்று எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் ரசீதில் ‘பறத்தல் அனுபவப் பங்களிப்பு’ என்று போட்டிருக்கிறது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற வேண்டுமானால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட் (நிரந்தர அட்டவணை இல்லாத விமானச் சேவைக்கான அனுமதி) வேண்டும்; வெறும் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்ட முடியாது. உங்கள் பெர்மிட் எண் ரசீதிலும் இல்லை, அட்டவணையிலும் இல்லை. இருக்கிறதென்றால் பதிலில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் குடியிருக்கும் பெங்களூரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரை ஏற்கெனவே பதிந்துவிட்டேன். தயவுசெய்து சமாதானம் பேச விற்பனைப் பிரிவுத் தம்பிகளைக் கூப்பிட வைக்காதீர்கள்; அடுத்த பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று இரண்டு பேர் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். பதிலை மெயிலில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.