வாடகையில் சேராத செலவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக லோடு வண்டி வாங்கிப் பிழைப்பது பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகையில் டீசலைக் கழி, மாதத் தவணையைக் கழி, மிச்சம் லாபம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் நான் போட்ட கணக்கும் அச்சு அசல் அதேதான்.

பாச்சலூர் மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வாழையும் சௌசௌவும் பீன்ஸும் ஏற்றி வருகிறேன். ஒரு டன் வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஸ்டாண்டில் எங்களோடு நிற்கும் மற்ற கம்பெனி வண்டிகளும் இதே இடங்களில்தான் உடைகின்றன. 2005ல் டாடா ஏஸ் என்ற சின்ன லோடு வண்டி வந்தபோது அது ஏற்றும் பாரம் முக்கால் டன்தான். ஊரே அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. பெயரில் யானை இருப்பதால் யானைப் பாரம் ஏற்றலாம் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ!

முதலில் போனது கிளட்ச். மலை ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், எதிரே பஸ் வந்தால் நிறுத்தி எடுக்க வேண்டும். கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கருகல் வாசனை வரும், அது பஸ்ஸுடையது என்று நினைத்துக்கொள்வேன். பதினான்காவது மாதம் பிளேட் தேய்ந்து ரிவெட் தெரிந்தது. பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து மாற்றினோம். அதற்குப் பிறகு ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கப் பழகிக்கொண்டேன். அடுத்த கிளட்ச் மூன்று வருஷம் ஓடியது.

அடுத்தது பாரத்தைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை. ஒரு டன் வண்டியில் ஒன்றே முக்கால் டன் வாழைத்தார் ஏற்றினால் மெயின் பட்டை எத்தனை நாள் தாங்கும்? பட்டை உடைந்தாலாவது சத்தம் கேட்கும். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நேராகப் போவது போலவே கோணலாகப் போகும். பின்னால் பைக்கில் வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டை மாதம் ஒரு முறை முறுக்கிப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆனால் பெரிய அடி இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரில்தான் விழுந்தது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வீட்டுக் குழாயிலேயே வெள்ளையாகப் படியும். அதில் ஊற்ற வேண்டிய கூலண்ட் திரவத்தின் விலையை மிச்சம் பிடிக்க அந்தத் தண்ணீரைத்தான் மூன்று வருஷம் ஊற்றினேன். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொண்டன. ஒருநாள் ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய், ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறிவிட்டது. மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டி, "தம்பி, நீ ஊத்துனது தண்ணி இல்ல, சுண்ணாம்பு" என்றார். ஹெட்டைச் சமமாகத் தேய்த்து (பேஸிங்), கேஸ்கட் மாற்றி, ரேடியேட்டரும் புதிதாகப் போட்டதில் ஒரு மாத வருமானம் முழுசாகப் போனது. வண்டி நின்ற ஒன்பது நாள் வாடகை தனி. மிச்சம் பிடித்த கூலண்ட் காசு மொத்தமே இரண்டாயிரம் இருக்காது.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறக்கத்தில் வண்டியை ஆஃப் செய்து நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் (காற்றில்லா உறிஞ்சு விசை) இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்; அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொன்னதை நான் மீறுவதே இல்லை. புதிதாக பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பல வண்டிகளில் சைலன்சர் பக்கம் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து வேகமாக ஓடியாக வேண்டும். ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று நின்று நின்று ஓடும் வண்டிக்கு அது அடைத்துக்கொள்ளும். ஷோரூமில் இதை அவர்களாகச் சொல்வது அபூர்வம், நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இன்றைக்கு என் மாதிரி ஒருவர் புது வண்டி எடுத்தால் என்ன ஆகும்? போக வர எழுபது கிலோமீட்டர் ஒரு நடைக்கு 1,800 ரூபாய் வாடகை, மாதம் இருபது நடை என்று வையுங்கள். டீசல் 560. தவணை நடைக்கு 570. கட்டுரையாளர் கணக்குப்படி 670 ரூபாய் லாபம்.

அவர் விட்டது இனிமேல்தான். இந்த எடை சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 16,049 ரூபாய், வரி தனி. முழு இன்சூரன்ஸாக எடுத்தால் புது வண்டிக்கு 28,000 வரை வருகிறது; நடைக்கு 117. சாலை வரி, எஃப்சி என்ற வண்டித் தகுதிச் சான்று, எஃப்சிக்கு முன் பெயின்ட், டிங்கரிங் எல்லாம் சராசரியாக நடைக்கு 50. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி, அதற்கு மேல் வருஷா வருஷம். டயர் தேய்மானம் 36. ஆயில், பிரேக், கிளட்ச், பட்டை, வீல் பேரிங், ஜாயிண்ட் கிராஸ் எல்லாம் சேர்த்து 125. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் எனக்கு வந்தது போல 70,000 ரூபாய்க்கு இன்ஜின் வேலை வரும் என்று வைத்தால் நடைக்கு 33. இதெல்லாம் என் நோட்டில் இருக்கும் எண்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடும், குறையும். கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது முந்நூறு ரூபாய் சொச்சம். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து மதியம் வரை உழைத்ததற்கு! என் வண்டியில் மூட்டை ஏற்றும் அண்ணனுக்கு இதைவிடக் கூலி அதிகம், அவருக்குத் தவணையும் கிடையாது.

இந்த முந்நூறு போதாது என்பதால்தான் ஓவர்லோடு. ஓவர்லோடு ஏற்றுவதால் பட்டையும் கிளட்சும் போகிறது. பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. புதிதாக வண்டி எடுத்த தம்பிகள் டீசலையும் தவணையையும் மட்டும் பார்த்து 1,500க்கே வருகிறேன் என்று வாடகையைக் குறைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டு வருஷம் புது வண்டி எதையும் கேட்காது. மூன்றாவது வருஷம் கேட்க ஆரம்பிக்கும்போது, குறைத்த வாடகையை உயர்த்த வியாபாரி சம்மதிக்க மாட்டார்.

2025 செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது நல்ல செய்திதான். கட்டுரையும் அதைப் பெரிதாகச் சொல்லியிருந்தது. வாங்கும் விலை குறைந்தது. ஓட்டும் செலவு பெரிதாகக் குறையவில்லை. அடுத்த இதழில் அந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சி வருமானால், ஐந்து வருஷம் ஓட்டினவர்களின் செலவு நோட்டுகள் நான்கைந்தை வாங்கிப் பார்த்து, கிலோமீட்டருக்கு என்ன அடக்கம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். என்னுடைய நோட்டை அனுப்பி வைக்கிறேன். ஆயில் கறை இருக்கும், எழுத்து தெரியும்.

இப்படிக்கு,
வாடகை வண்டிக்காரர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.