29.1ஆ, 21.3ஆ?

அன்புள்ள கயல்,

டென்மார்க்கின் 1973 தேர்தலில் முந்தைய தேர்தலைவிட எத்தனை சதவீத வாக்கு கட்சி மாறியது என்று நீ போட்ட இரண்டு கணக்கில் ஒன்று 29.1 என்றும் மற்றது 21.3 என்றும் வருகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தாய். கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. இடையில் உள்ள 7.8 முழுவதும் ஒரே ஒரு கட்சியை எப்படி எண்ணினாய் என்பதிலிருந்து வந்தது.

இந்த வாக்கு நகர்வை அளக்க அரசியல் ஆய்வாளர் மோகன்ஸ் பெடர்சன் 1979-இல் முன்வைத்த குறியீட்டெண் எளிமையானது. அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களிலும் ஒவ்வொரு கட்சியின் வாக்கு சதவீதத்தை எடு. வித்தியாசத்தைக் கூட்டல், கழித்தல் குறி பார்க்காமல் கூட்டு, இரண்டால் வகு. ஒருவர் இழந்தது இன்னொருவருக்கு லாபம் என்பதால் ஒரே நகர்வு இரண்டு முறை எண்ணப்படுகிறது, அதனால்தான் வகுத்தல். எக்செலில் லாபத்துக்கு ஒரு கூட்டுத்தொகை, இழப்புக்கு ஒரு கூட்டுத்தொகை தனித்தனியாக வைத்துக்கொள். இரண்டும் சமமாக வராவிட்டால் ஏதோ ஒரு கட்சி விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரு தேர்தலில் செல்லாத வாக்குகளையும் சேர்த்துச் சதவீதம் போட்டிருக்கிறாய். இடங்களை வைத்துக் கணக்குப் போடாதே. அதில் தேர்தல் முறையின் சாய்வும் கலந்துவிடும்.

இப்போது டென்மார்க். 1971 செப்டம்பரிலிருந்து 1973 டிசம்பருக்குள் சமூக ஜனநாயகக் கட்சி 37.3-இலிருந்து 25.6-க்கு விழுந்தது. கன்சர்வேடிவ்கள் 16.7-இலிருந்து 9.2, நடுநிலை ராடிகல்கள் 14.4-இலிருந்து 11.2, வலதுசாரி லிபரல் கட்சியான வென்ஸ்ட்ர 15.6-இலிருந்து 12.3, சோஷலிச மக்கள் கட்சி 9.1-இலிருந்து 6.0. இரண்டு சில்லறை இழப்புகளையும் சேர்த்தால் மொத்தம் 29.1. லாபப் பக்கம் வரி எதிர்ப்பாளர் கிளிஸ்ட்ரப்பின் முன்னேற்றக் கட்சி எடுத்த எடுப்பில் 15.9, எர்ஹார்ட் யாகப்ஸனின் மைய ஜனநாயகக் கட்சி 7.8. மிச்சம் 5.4-ஐக் கிறிஸ்தவக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் நீதிக் கட்சியும் (நம்மூர் நீதிக் கட்சி இல்லை, நிலவரி போதும் என்ற ஹென்றி ஜார்ஜின் வழிவந்தவர்கள்) பங்கிட்டுக்கொண்டன. அதுவும் 29.1.

யாகப்ஸன் சமூக ஜனநாயகக் கட்சியின் எம்.பி. வீட்டு உரிமையாளர்கள் மீதான வரியில் கட்சி இடதுபக்கம் போகிறது என்று சொல்லித் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் வெளியேறிப் புதுக்கட்சி தொடங்கினார். அதைப் புதுக்கட்சியாகவே எண்ணினால் 29.1. தாய்க்கட்சியின் ஒரு துண்டு என்று 25.6-உடன் 7.8-ஐச் சேர்த்து 33.4 ஆக்கி, 37.3-உடன் ஒப்பிட்டால் 21.3. இரண்டு விதியையும் ஆய்வாளர்கள் கையாளுகிறார்கள். உடைவில் பெரிய துண்டுக்கே பழைய கட்சியின் வாரிசுரிமை, சின்னது புதுக்கட்சி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எதை எடுத்தாலும் எல்லாத் தேர்தலுக்கும் அதே விதி; அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடு. எண் வந்த பிறகு விதியைத் தேடுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

எங்கிருந்து எங்கே போனது என்பதற்கு இந்த ஒற்றை எண் போதாது. ஆய்வாளர்கள் பவலும் டக்கரும் செய்ததுபோல இரண்டாகப் பிரித்துப் பார். புதிதாக வந்த, காணாமல்போன கட்சிகளால் ஏற்பட்டது ஏறத்தாழ 12. இருந்த கட்சிகளுக்குள்ளேயே நடந்தது 17 சொச்சம். பார்ட்டோலினி, மெய்ர் என்ற ஆய்வாளர்கள் சொன்ன அணிக் கணக்கையும், அதாவது இடது, வலது என்ற இரு அணிகளுக்கு இடையே மட்டும் நகர்ந்ததையும், போடு: இடதுசாரிக் கட்சிகள் நான்கும் (சமூக ஜனநாயகக் கட்சி, சோஷலிச மக்கள் கட்சி, கம்யூனிஸ்டுகள், இடது சோஷலிஸ்டுகள்) சேர்ந்து 49.4-இலிருந்து 36.7. அதாவது 12.7 மட்டுமே அணி தாண்டியது. மற்றதெல்லாம் அணிக்குள் இடம் மாறியது. இங்கேயும் யாகப்ஸன் குறுக்கே நிற்கிறார். அவரை இடதில் வைத்தால் அந்த 12.7 வெறும் 4.9 ஆகிவிடும். வரிக்காகப் பிரிந்தவரை இடதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. இது நிகரக் கணக்கு. பத்து லட்சம் பேர் அங்கிருந்து இங்கும், அதே அளவு பேர் இங்கிருந்து அங்கும் போனால் குறியீட்டெண் பூஜ்யம். தனிமனிதர்கள் மாறியதை அறிய, அதே வாக்காளர்களிடம் இரண்டு தேர்தலிலும் கேட்ட கருத்தாய்வு வேண்டும். அதிலும் போன முறை யாருக்குப் போட்டோம் என்பதை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் பலர் இப்போதைய விருப்பத்தையே சொல்லிவிடுவார்கள்.

காரணத்துக்கு வருகிறேன். லிப்செட், ரோக்கன் என்ற ஆய்வாளர்கள் 1967-இல் ஐரோப்பியக் கட்சிமுறை 1920-களிலேயே உறைந்துவிட்டது என்றார்கள். ஆறே ஆண்டில் டென்மார்க் நாடாளுமன்றத்தில் கட்சிகள் ஐந்திலிருந்து பத்தாயின. வர்க்கப் பிடிப்பு தளர்ந்தது உண்மைதான், ஆனால் அது மெல்ல நடப்பது. ஒரே இரவில் வெடித்ததற்கு அது மட்டும் போதாது. 1968-இல் வந்த வலதுசாரிக் கூட்டணி வரியைக் குறைக்கவில்லை, ஏற்றியது. வரி வேண்டாம் என்றவர்களுக்கு இரு அணியிலும் போக்கிடம் இல்லை. 1971-இல் கிளிஸ்ட்ரப் தொலைக்காட்சியில் தன் வரி விகிதம் பூஜ்யம் என்று காட்டினார். ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்வதற்கான 1972 வாக்கெடுப்பு கட்சிகளை உள்ளுக்குள் பிளந்தது. 2 சதவீதம் பெற்றால் இடம் என்ற விதி புதுக்கட்சிக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. அதிருப்தி, அதை வாங்கிக்கொள்ள ஒரு கட்சி, தாழ்ந்த வாசல் மூன்றும் சேர்ந்தன. இதில் ஒன்று மட்டும் இருந்த நாடுகளில் இந்த அளவு எண் வருவது அபூர்வம்.

ஒப்பீட்டுக்குத் தமிழ்நாட்டையும் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். தேமுதிக 2006-இல் தனியாக 232 தொகுதிகளில் நின்று 8.4 சதவீதம் வாங்கியது. 2011-இல் அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகளில் மட்டும் நின்று 7.9. சூத்திரத்தைப் பொறுத்தவரை அரை சதவீத நகர்வு, கிட்டத்தட்ட அசைவே இல்லை. அந்த 41 தொகுதிகளிலும் விழுந்தது கூட்டணி வாக்கு, மற்ற தொகுதிகளில் அதன் வாக்காளர்கள் வேறு சின்னத்துக்குப் போட்டார்கள். ஆகவே கட்சி வாரியாக ஒரு கணக்கு, கூட்டணி வாரியாக ஒரு கணக்கு, இரண்டையும் போடு. கூட்டணிக் கணக்கில், இரு தேர்தலுக்கும் இடையே அணி மாறிய கட்சிகளைத் தனி வரிசையில் வை.

அட்டவணையைத் திருத்தியதும் அனுப்பு. 1975 ஜனவரித் தேர்தலையும் சேர்த்துக்கொள்: வென்ஸ்ட்ர 12.3-இலிருந்து 23.3-க்குப் போன தேர்தல் அது, அங்கே நகர்வில் பெரும்பங்கு ஏற்கெனவே இருந்த கட்சிகளுக்குள்ளேயேதான்.

அன்புடன்,
அப்பா