மோதிர விரல் மடங்காவிட்டால்

அன்புள்ள கண்ணு,

பனியில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது கை மோதிர விரல் மடங்கவில்லை, கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1937-ல் பாரிஸில் வாசித்த 'மைனர் ஸ்விங்' ஞாபகம் இருக்கிறதா? கேசட் நாடா சிக்கினால் பென்சிலை நுழைத்துச் சுற்றிக் கொடுப்பாயே, அதுதான். அப்பாவுக்கு அதற்கு மேல் ஒரு பதிவு கிடையாது. ஆனால் வாசித்த கையைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. 1928-ல், பதினெட்டு வயதில், அவர் குடியிருந்த வண்டிவீடு எரிந்துபோனது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் மெழுகுவத்தி நெருப்பு பட்டுவிட்டது. இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருண்டுவிட்டன. தம்பி ஒரு கிட்டார் கொண்டுவந்து கொடுத்தார். படுக்கையிலேயே முதலிலிருந்து பழகினார். நீ கேட்டு வளர்ந்த அந்தத் தனி வாசிப்பு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஓடிய ஓட்டம்தான், கண்ணு. பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி கார்டு பிடிக்கும்போது மட்டும் மற்ற இரண்டும் மெல்லிய கம்பிகளில் ஒட்டிக்கொள்ளும். டிரம்ஸ் கிடையாது, பின்னால் இரண்டு கிட்டாரும் ஒரு டபுள் பாஸும்தான் தாளம். கூட வயலின் வாசித்தவர் கிராப்பெல்லி. கிட்டார் தனியாக ஓடும் இடங்களை ஹெட்போன் போட்டுக் கேள்.

இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில், தகடு வெட்டும் மெஷினில் டோனி அயோமி என்ற கிட்டார்காரரின் இரண்டு விரல் நுனி போனபோது, ஜாங்கோவின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டியவர் அந்தத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்தான். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பி மாட்டினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். 1970-ல் வந்த, அவருடைய ராக் குழுவான பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் அந்தக் கையில் பிறந்தது. அந்த இசை எனக்கு அவ்வளவாக ஒட்டாது. அந்த மனுஷர் மேல் மரியாதை உண்டு.

'இளைய நிலா'வை இப்போதைக்குத் தொடாதே. சந்திரசேகரின் அந்த வாசிப்புக்கு விரல்கள் நன்றாக விரிய வேண்டும். முதல் நாளே அதை எடுத்தால் மனசு உடைந்துவிடும்.

நேற்று மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு 'மைனர் ஸ்விங்' எடுத்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பிடிபட்டது: விரலை நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது, கையையே கிட்டாரின் கழுத்தோடு நகர்த்திக்கொண்டு போக வேண்டும். விடியும்போது முதல் எட்டு பார் (எட்டுத் தாளக் கட்டு) வந்துவிட்டது, மெதுவாகத்தான். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, பேசாமல் காப்பி போடப் போனாள்.

எந்தக் கம்பியில் எந்த விரல் என்று தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டர் சரி என்று சொன்னதும் கம்பியை மெல்லிய ஒன்பதாம் நம்பருக்கு மாற்றிக்கொள். வலித்தால் நிறுத்திவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கிட்டார் மடியில் இருக்கட்டும். நானும் பிளாஸ்டரோடுதான் இருப்பேன்.

அப்பா