மந்தை போன தடம்

யூக்கான், ஓக்லஹோமா

அன்புள்ள செல்வம்,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஆறு மாதத்தைக் கடத்திவிட்டேன், மன்னித்துவிடு. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததையும், சின்னவளுக்குத் திருச்சியிலேயே இடம் கிடைத்ததையும் தங்கராசு சொன்னான். இங்கே எல்லோரும் நலம். இன்று எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புல்வெளியில் நான் பார்த்த பள்ளம். முப்பது ஆண்டுகள் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நீ. இதை முழுதாகச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

பக்கத்து ஊரான எல் ரீனோவில் 81ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் அடிங்டன் என்ற சிற்றூர் வரும். டெக்சாஸிலிருந்து வடக்கே கன்சாஸுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிப்போன பழைய வழியான சிசோம் தடத்தை ஏறத்தாழ ஒட்டித்தான் அந்தச் சாலையே போகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் நான்கு டாலருக்கும் வாங்க ஆளில்லாத நெடுங்கொம்பு மாடு, வடக்கே நாற்பது டாலர் வரை விலைபோனது. ஜோசப் மெக்காய் என்ற வணிகர் 1867இல் கன்சாஸின் அபிலீனில் ரயில்பாதை ஓரமாகத் தொழுவங்கள் கட்டினார். அந்த ஆண்டே சுமார் 35,000 மாடுகள் அங்கே வந்து சேர்ந்தன. பன்னிரண்டு பேர்போல ஒரு குழு, ஒரு சமையல் வண்டி, ஈராயிரம் மாடுகள், நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் என்று மாதக்கணக்கில் நடந்தார்கள். பின்னர் முள்கம்பி வேலி வழியை மறித்தது. டெக்சாஸ் மாடுகளின் உண்ணி மற்ற மாடுகளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது; 1885இல் கன்சாஸ் அவற்றுக்குத் தன் எல்லையை அடைத்தது. எண்ணிப்பார்த்தால் இருபது ஆண்டுகள்கூட இல்லை.

நான் பார்த்த பள்ளம் அந்த மந்தைகள் மிதித்துப்போன தடம்தான். முழங்கால் ஆழம்தான் இருக்கும், ஆனால் நம் ஊர் ஏரிக்கரைச் சாலையைவிடப் பல மடங்கு அகலம். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அது கண்ணுக்குப் படுகிறது. உச்சிவேளையில் அதன்மேலேயே நின்றாலும் தெரியாது. நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டியவர். தாத்தா காலத்திலிருந்து அந்த மேய்ச்சல் நிலத்தில் ஏர் இறங்கவில்லை, அதனால்தான் தடம் பிழைத்துக் கிடக்கிறது என்றார். வேலிக்கு அப்பால் வேறொருவரின் கோதுமை வயல். அங்கே ஒன்றுமே இல்லை, செல்வம். லட்சக்கணக்கான குளம்புகள் மிதித்து உண்டாக்கியது ஒரே ஒரு உழவில் போய்விட்டது. அந்த வேலியருகே வெகுநேரம் நின்றிருந்தேன்.

"மாடு போன வழிக்கெல்லாம் பட்டா கேட்கிறாயா?" என்று நீ கேட்பது இங்கேயே எனக்குக் கேட்கிறது. கேள், ஆனால் இதையும் கேட்டுக்கொள். நம் ஊரில் வண்டிப்பாதையும் மந்தைவெளியும் புறம்போக்காக 'அ' பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கில் ஏறிவிட்டன. ஆக்கிரமித்தாலும் காட்டுவதற்கு ஒரு புல எண் உண்டு. இந்தத் தடத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அது எங்கே போனது என்ற பதிவைக் காப்பாற்றியவர்கள் உன் தொழில்காரர்களே! 1870களின் தொடக்கத்தில் சிக்கசா பழங்குடி மக்களின் நிலத்தை மைலுக்கு மைல் சதுரங்களாக அளந்தவர்கள், 66 அடிச் சங்கிலியை எண்பது முறை நீட்டி ஒரு மைலை முடித்தார்கள். எத்தனையாவது சங்கிலியில் எந்த வழி குறுக்கிடுகிறது என்று புத்தகத்தில் குறிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. எனிட் நகரின் பாப் கிளெம்மி 1990களில் அந்தப் பழைய அளவை வரைபடங்களை வைத்துக்கொண்டு, தடம் சாலைகளைக் கடக்கும் இடங்களில் சுமார் 400 கான்கிரீட் கம்பங்களை நட்டார்.

இந்தத் தடத்தையும், இதற்கு மேற்கே டாட்ஜ் சிட்டிக்குச் சென்ற தடத்தையும் தேசிய வரலாற்றுத் தடங்களாக ஏற்கலாமா என்று ஆராயும்படி 2009இல் ஒரு சட்டம் பணித்தது. நான் சந்தித்த பெரியவருக்கோ அச்சம். பெயர்ப்பலகை வந்தால் பின்னாலேயே அரசாங்கம் வேலிக்குள் வந்துவிடுமோ என்கிறார். தனியார் நிலத்தில் நுழையும் உரிமையை இந்த அங்கீகாரம் யாருக்கும் தராது என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று தலைமுறையாகத் தடத்தைக் காத்தது அவர் குடும்பம்தானே. உழாமல் விடுபவருக்கு வரிச்சலுகையோ உதவித்தொகையோ இல்லாமல் வெறும் பலகை மட்டும் நட்டால், பலகைகள் இருக்கும், பள்ளங்கள் இருக்காது.

பலகையில் என்ன எழுதுவது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. தடத்துக்குப் பெயர் தந்த ஜெசி சிசோம் மாடு ஓட்டியவரே அல்லர். தாய்வழியில் செரோக்கி பழங்குடி, தந்தைவழியில் ஸ்காட்டியர், பல பழங்குடி மொழிகள் அறிந்த வணிகர். அவருடைய சரக்கு வண்டிகள் போன வழியைத்தான் மந்தைகள் பிடித்துக்கொண்டன. அவர் 1868இல் காலமானார். கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரரும் பெருந்தொகையாக மந்தைகளுடன் நடந்தார்கள். கடந்துபோன மண்ணோ பழங்குடிகளுடையது. அவர்கள் மந்தைகளுக்குச் சுங்கம் கேட்டது முழு நியாயம். இவர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தொப்பியும் குதிரையும் மட்டும் வரைவதென்றால் அந்த அங்கீகாரம் எனக்கு வேண்டாம்.

பெரியவர் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். நவம்பரில் புல் சாய்ந்த பிறகு அந்தப் பள்ளத்தை நான் அளந்துகொள்ளலாம். வரைபடம் அவர் கையில்தான் இருக்கும், அவர் விரும்பினால் யாருக்கும் காட்டுவார். ஆகவே உன் உதவி உடனே தேவை. கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத இப்படிப்பட்ட சரிவுக்கு அடிக்கோட்டை எங்கே போடுவது, எத்தனை அடிக்கு ஒரு குறுக்களவு (ஆஃப்செட்) எடுப்பது, மட்டம் பார்க்க எளிய வழி என்ன என்று விரிவாக எழுது. முடிந்தால் உன் பழைய புலப்படம் ஒன்றின் நகலையும், வண்டிப்பாதை வரும் பக்கமாகப் பார்த்து, சேர்த்து அனுப்பு. பெரியவருக்குக் காட்ட வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு